சூடு என்று சொன்னவன்

இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்கக் கூடாது என்றார் நர்ஸ். கால் மணிக்கு ஒரு தரம் திரும்பிப் படுக்க வேண்டும். முதலில் மல்லாந்து, அப்புறம் வலப்பக்கம், அப்புறம் குப்புற, அப்புறம் இடப்பக்கம், மறுபடி முதலிலிருந்து. உள்ளே விட்ட மருந்து சிறுநீர்ப்பையின் எல்லாச் சுவரிலும் பட வேண்டுமாம். "தோசையத் திருப்பிப் போடுற மாதிரி சார்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் ஓரிடத்தில் இருக்கிற ஆள் கிடையாது. செஞ்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தைந்து வருடமாக விலங்கியல் எடுக்கிறேன். ஒரு பாடவேளையாவது நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாக எந்த மாணவனும் சொல்ல மாட்டான். கல்யாண வீட்டில்கூடப் பந்திக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்பது என் மனைவியின் தீர்ப்பு. அப்படிப்பட்டவனைப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தி, அடிவயிற்றில் மருந்தை நிரப்பி, அடக்கிக்கொண்டு கிட என்றால் எப்படி?

எனக்குச் சிறுநீர்ப்பையில் கேன்சர். மூன்று வாரத்துக்கு முன்பு குழாய் வழியாகக் கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். நல்லவேளை, அது உள்தோலுக்குக் கீழே இறங்கியிருக்கவில்லை. இனி வாரம் ஒரு முறை, ஆறு வாரம் இந்த மருந்து. குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசி போட்டுத் தோளில் தழும்பு விழுகிறதே, அதே வலுவிழந்த கிருமிதான். அதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் உடம்புக்குக் கோபம் வந்து, மிச்சமிருக்கும் கெட்ட செல்களையும் சேர்த்து அடிக்குமாம். பள்ளியில் யாருக்கும் இது தெரியாது. கிட்னியில் கல்லு என்று சொல்லி வைத்திருந்தோம். அது என் மனைவியின் ஏற்பாடு. "இன்னாத்துக்கு ஊருக்கெல்லாம் தெரியணும்? அப்புறம் பாக்குறவன்லாம் செத்தவனைப் பாக்குற மாதிரி பாப்பான்" என்றாள். எனக்கும் அதுதான் பயம்.

முதல் கால் மணி முடிந்து வலப்பக்கம் திரும்பியபோது, ஓர் இளம் டாக்டர் படிவத்தோடு வந்து நின்றார். புகைப்பீர்களா? முன்பு. எத்தனை வருடம்? கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். சாயப்பட்டறை, தோல், ரப்பர், பெயிண்ட், இந்த மாதிரி வேலை ஏதாவது செய்திருக்கிறீர்களா?

"இல்லைங்க, வாத்தியார் வேலைதான். ஏன் கேக்குறீங்க?"

"அந்த வேலைல இருக்கறவங்களுக்கு இது கூடுதலா வருது சார். பீடி சிகரெட்டும் சேந்தா கேக்கவே வேணாம்."

அவர் எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெயிண்டர் பாய் நினைவுக்கு வந்தார். எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. சுவரில் கடிகாரம் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது என்றது.

பாய் யார், அவருக்கும் எனக்கும் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் என் மரியாதை போகும். பரவாயில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் காலை எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை, எரிச்சல் இல்லை. செஞ்சியில் சித்திரை வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. சுற்றிலும் பாறை. பகலில் வாங்கின சூட்டை அது பொழுது சாய்ந்தபிறகும் விடாது. அதனால் எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் ஒரே பதில்தான். கண்ணில் கட்டி வந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. தலைமையாசிரியர் காரணமில்லாமல் கத்தினால் அதுவும் சூடு. என் மனைவி தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, இரண்டு வேளை நுங்கு. மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்துவிட்டது. செல்லைப் பற்றியும் திசுவைப் பற்றியும் கால் நூற்றாண்டு பேசிச் சம்பளம் வாங்கியவன், ஒரு பரிசோதனைகூடச் செய்துகொள்ளாமல், வைத்தியம் பலித்துவிட்டது என்று நம்பினேன். வெட்கமாக இருக்கிறது.

நம்பியதோடு நின்றேனா? ஆனி மாதம் என் மொபெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் திண்டிவனம் ரோட்டில் பாயின் ஷெட்டுக்குப் போயிருந்தேன். டிப்பர், மினி லாரி, ஸ்கூல் வேன் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அவர்தான் பெயிண்டர். ஐம்பது வயதிருக்கும். பெயிண்ட் கரைக்கிற தின்னரில் கையைக் கழுவுவார், அதே கையால் பீடி பற்றவைப்பார். அன்று ஷெட்டுக்குப் பின்னாலிருந்து வந்தவர் முகம் வெளிறியிருந்தது.

"சார், நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே. ஒன்னு கேக்கட்டுமா? வெளிய சொல்லக்கூடாது. ஒன்னுக்குப் போனா ரத்தமா போவுது. டாக்டராண்ட போலாமான்னு பாக்குறேன்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. "இதுக்குப் போயா பயந்தீங்க பாய்? எனக்கும் வந்துச்சு. சூடு. மூணே நாளு" என்று சொல்லி, வைத்தியத்தை எத்தனை வேளை எத்தனை டம்ளர் என்று வகுப்பில் சொல்வதுபோல விளக்கமாகச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. டாக்டரிடம் போகக் கிளம்பிய மனிதனை நான் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் எனக்கு மறுபடி வந்தது. இந்த முறை கட்டி கட்டியாக. என் மனைவி விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தூக்கி வீசிவிட்டு ஆட்டோ பிடித்தாள். அப்புறம் ஸ்கேன், கருவி, கட்டி, ஆபரேஷன். என் பயத்தில் நான் மூழ்கிக் கிடந்தேன். பாயை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அந்த டாக்டர் பெயிண்ட் என்ற சொல்லைச் சொல்லும் வரைக்கும்.

குப்புறப் படுக்கும் நேரம் வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மாதங்களை எண்ணினேன். ஆனியிலிருந்து தை வரை, ஏழு மாதம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் பெரிய டாக்டரைத் துளைத்தெடுத்திருந்தேன். கேன்சர் என்றால் அந்த ரத்தம் ஏன் தானாக நின்றது என்பதுதான் என் கேள்வி. அவர் பொறுமையாகச் சொன்னார். கட்டி விட்டு விட்டுத்தான் கசியும். கசிவு நின்றால் நோய் போய்விட்டது என்று ஆகாது. வாத்தியார் என்று தெரிந்ததும் காகிதத்தில் படம் போட்டார். சிறுநீர்ப்பையின் உள்தோல் சில அடுக்குகளாலானது. மேலே அகலமான செல்கள், குடை விரித்த மாதிரி. சிறுநீர் உள்ளே ஊறாமல் காப்பது அவைதான். அடியில் சின்னச் சின்னச் செல்கள். அவற்றில் சில, குருத்தணுக்கள். பாடப்புத்தகத்தில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. ஸ்டெம் செல் என்றால்தான் மாணவர்களுக்குப் புரியும்.

இந்தக் குருத்தணுக்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்குமாம். குடலின் உள்தோல் சில நாளுக்கொரு முறை புதுசாகிறது. சிறுநீர்ப்பைக்கு அந்த அவசரம் இல்லை, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு கிருமியோ நஞ்சோ மேலடுக்கைப் பிய்த்துவிட்டால், அடியில் தூங்குகிறவை விழித்துக்கொள்ளும். தசைப்பக்கமிருந்து பெருகச் சொல்லிச் செய்தி வரும். பெருகிப் பெருகிச் சில நாளில் தோலை மறுபடி கட்டி முடித்துவிட்டு, திரும்பவும் அடங்கிவிடும். புகையிலை நஞ்சும் சாய நஞ்சும் சிறுநீரில் கலந்து வந்து அந்தப் பையில்தான் மணிக்கணக்காகத் தேங்குகின்றன. வருடக்கணக்கில் அவை பட்டுப் பட்டு, பழுதுபார்க்கிற அந்தச் செல்லுக்குள்ளேயே மரபணுவின் எழுத்து மாறிவிட்டால் அதற்கு அடங்கத் தெரியாது. எல்லாக் கேன்சரும் அங்கிருந்துதான் தொடங்குகிறதா, மேலடுக்குச் செல்களிலிருந்தும் வருமா என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை என்றார். தசைக்குள் இறங்குகிற மோசமான வகை அடிச்செல்களிலிருந்து வருவதாகவே பலரும் நினைக்கிறார்களாம். கட்டியைச் சுரண்டினாலும் அப்படி ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் மறுபடி தழைக்கும். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கொரு முறை உள்ளே பார்ப்பது.

இதையெல்லாம் கேட்டபோது பாடம் கேட்கிற மாதிரி ரசித்துத்தான் கேட்டேன். கட்டிலில் குப்புறக் கிடந்தபோது ரசனை போய்விட்டது. பாயின் பைக்குள் இப்போது எது எங்கே இறங்கிக்கொண்டிருக்கிறதோ என்று மனசு அடித்துக்கொண்டது.

மருந்தை வெளியேற்றி, அந்தக் கிருமி பரவாமலிருக்கக் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு வந்ததும் பாய்க்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். செஞ்சி வந்து சேரும்வரை பதினைந்து தடவையாவது போட்டிருப்பேன். மறுநாள் காலை லேசான காய்ச்சல். அதோடு ஷெட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், "பாய் மேல்மலையனூர்ல இருக்காரு சார். இன்னிக்கு அமாவாசையாச்சே, ரெண்டு கடைக்குப் போர்டு எழுதித் தரணும்னு போனாரு. போன்தான் தின்னர் டப்பாவுல விழுந்து பூடுச்சு" என்றார்.

மனைவி கேட்டால் விடமாட்டாள் என்று சொல்லாமலே ஸ்பெஷல் பஸ் ஏறினேன். மருந்து போட்ட மறுநாள் சிறுநீர்ப்பைக்கு இருக்கும் கோபத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கால் மணிக்கொரு முறை முட்டிக்கொண்டு வரும், போனால் நாலு சொட்டு, அதுவும் நெருப்பு. பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒரு தரம் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். இரண்டாம் தரம் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "யோவ் பெரியவரே, ஒங்களுக்காக இன்னொரு பஸ்ஸா உட முடியும்? வீட்டுலியே போயிட்டு வர்றதுக்கு இன்னா?" என்று கத்தினார். மடியில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்திருந்த ஓர் அம்மாள், "பாவம், சக்கர வியாதிக்காரரா இருக்கும், நிறுத்துப்பா" என்று பரிந்து பேசினாள். என் முன்னாள் மாணவன் யாராவது பஸ்ஸில் இருக்கிறானா என்று பார்க்கக்கூடத் தெம்பில்லை. முள்வேலி ஓரத்தில் நின்றபோது, மானம் போனால் போகட்டும், அந்த ஆளை மட்டும் இன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேடிக் கண்டுபிடிக்க நடுப்பகல் ஆகிவிட்டது. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு புது ஜூஸ் கடை முன்னால் ஏணியில் நின்று போர்டில் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"இன்னா சார், நீங்க இங்க? ஆத்தாவுக்கு வேண்டுதலா?"

"கீழ எறங்குங்க பாய், பேசணும். அந்த ரத்தம் எப்படி இருக்குது?"

"அதுவா? உங்க வைத்தியம் சூப்பர் சார். நடுவுல ரெண்டு வாட்டி வந்துச்சு. விளக்கெண்ண வெச்சேன், பார்லி குடிச்சேன், நின்னுடுச்சு."

டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்கே, நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் பிரஷை எடுத்துக்கொண்டே, "நின்னுபோச்சே சார், அப்புறம் இன்னாத்துக்கு டாக்டரு?" என்றார். எனக்கு வந்தது கல்லு, உங்களுக்கும் அப்படி இருக்கலாம் என்று சமாளித்துப் பார்த்தேன். "கல்லுன்னா வலிக்கும் சார். எங்க மச்சானுக்கு வந்து உருண்டாரு. எனக்கு வலியே கெடையாது" என்று மறுபடி ஏணியில் கால் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது, என் மேலேயே. உடுக்கைச் சத்தம், மைக்கில் காணாமல் போன பிள்ளையின் அறிவிப்பு, தேங்காய்க் கடைக்காரனின் கூவல், எல்லாவற்றுக்கும் மேலே போகட்டும் என்று கத்தினேன். "எனக்கு வந்தது கேன்சர் பாய்! சூடுன்னு உங்ககிட்ட சொன்னேனே, அது கேன்சர்!"

ஜூஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாயின் பிரஷிலிருந்து பச்சைப் பெயிண்ட் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து, என் தோளில் கை வைத்து, "உங்களுக்கா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். தன்னைப் பற்றி அதற்கப்புறம்தான் அவருக்குத் தோன்றியது.

மறுநாளே புதுச்சேரிக்குப் போனோம். கருவியை விட்டுப் பார்த்தார்கள், சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தசைக்குள் இறங்கிவிட்டிருந்தது. சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டும், வயிற்றில் வழி வைத்து வெளியே ஒரு பை மாட்ட வேண்டும் என்றார் டாக்டர். ஏழு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். "அப்ப எப்படி இருந்ததுன்னு இப்ப சொல்ல முடியாது சார். மேலோட இருந்திருக்கலாம்" என்றார். இருந்திருக்கலாம் என்ற அந்தச் சொல்லோடு நான் ஆஸ்பத்திரி வராந்தாவை எத்தனை முறை அளந்தேனோ.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், பாய் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தன் உடம்புக்குள் நடந்தது என்ன என்று தெரிய வேண்டுமாம். டாக்டர் போட்ட அதே படத்தைப் போட்டேன். மேலடுக்கு, நடு அடுக்கு, அடியில் குருத்தணு. அவர் அடுக்கடுக்காக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ மேல இருக்கறது ஃபினிஷிங் கோட்டு. அடியில பிரைமரு" என்றார். "துருவச் சொரண்டாம மேலயே பெயிண்ட் அடிச்சா மொதல்ல பளபளன்னுதான் இருக்கும் சார். உள்ள தகட்டத் தின்னுனு போயினே இருக்கும். எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

"நான்தான் பாய் உங்களத் தடுத்தேன்" என்றேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ படத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வேறொன்று சொன்னார்.

"சார், ஒரு விசயம். புரட்டாசில பனமலை பஸ்ல போயினு இருந்தேன். பக்கத்துல ஒரு பெரியவரு, கூட அவரு சம்சாரம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் எறங்கி ஒன்னுக்குப் போனாரு. இன்னான்னு கேட்டா செவப்பா போவுதாம். நான் உங்க வைத்தியத்தச் சொன்னேன். மொதல்ல நம்பல. செஞ்சியில சயின்ஸ் வாத்தியார் சொன்னதுன்னு சொன்னேன், அப்பதான் நம்புனாங்க. பனமலைல எறங்குனாங்க. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு."

பேர் தெரியாது. வீடு தெரியாது. மறுநாள் பாயை உள்ளே கொண்டுபோனபோது வெளியே அவர் மனைவியோடு காத்திருந்தேன். அரை மணிக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். பனமலைப் பெரியவர் விஷயம் பாயின் மனைவிக்கும் தெரியும். "நீங்க போயி அந்தப் பெரியவரப் பாருங்க சார். இங்க நீங்க நடக்கறதப் பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பாய் இடுப்பில் பையோடு ஏணி ஏறுகிறார், பீடியை விட்டுவிட்டார், மூக்கில் முகமூடி. ஆனால் அன்றைக்கு அது எதுவும் எனக்குத் தெரியாது. விழுப்புரம் போய் பஸ் மாறிப் பனமலை வந்து இறங்கியபோது, வெயில் உச்சியில் இருந்தது.

ஏரிக்கரை ரோட்டில் ஒரு டீக்கடை. டீ சொல்லிவிட்டு, உட்காராமலே விசாரித்தேன். புரட்டாசியில், சிறுநீரில் ரத்தம் போன ஒரு பெரியவர், மனைவியோடு பஸ்ஸில் வந்தவர். டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குக் கேக்குறீங்க? உங்களுக்கும் அதே தொந்தரவா?"

ஆமாம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. டீயை ஆற்றிக்கொண்டே, "பயப்படாதீங்க சார், அது சூடு. அந்தப் பெரியவருக்கு நின்னுபோச்சு, இப்ப ஊரே அதத்தான் பண்ணுது. செஞ்சியில யாரோ ஒரு வாத்தியார் சொன்ன வைத்தியம். சொல்றேன், எழுதிக்குங்க" என்றார்.

நான் டீயை வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அந்த வாத்தியார் நான்தான். எனக்குக் கேன்சர். அவரு வீட்டக் காட்டுங்க."